சுங்கை சிப்புட்டிலிருந்து திருச்சிக்கு எத்தனை மணி நேரம்? விமானத் தூரமும் நேரமும் நாமே கணக்கிடும் வழி

மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சின்னதாக ஒரு போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். அடையாள அட்டை நகல், பள்ளிக்கூடப் பாரம், கல்யாணப் பத்திரிகை என்று வரும் வேலைகளுக்கு நடுவே விமான டிக்கெட் அச்சடிக்கவும் ஆள் வருவார்கள். பிள்ளைகள் கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருந்துகொண்டு கைப்பேசியிலேயே டிக்கெட் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். அம்மாவுக்கோ கையில் தாள் இருந்தால்தான் நிம்மதி. அந்தத் தாளை வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

கடை திறந்த புதிதில் இதற்குத் தப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்காவின் டிக்கெட்டில் புறப்பாடு 9.15, வருகை 10.45 என்று இருந்தது. "ஒன்றரை மணி நேரந்தான் அக்கா, கண்ண மூடித் தொறந்தா திருச்சி" என்றேன். அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. இறங்கியதும் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார். விமானம் நான்கு மணி நேரம் பறந்தது. பாதி வழியில் கை நடுங்கி வேர்த்துக் கொட்ட, பக்கத்து இருக்கைப் பையன் கொடுத்த மிட்டாயை வாயில் போட்டுச் சமாளித்தாராம். திரும்பி வந்த பிறகு சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. அந்த வாரமே உட்கார்ந்து இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டேன்.

முதல்முறை விமானம் ஏறப்போகிறவர்களுக்கும், அப்பா அம்மாவை ஏற்றிவிடப்போகிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஓர் இடத்தில் மட்டும் வர்க்கமூலம் வரும்; அதைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும்.

முதல் படி: எந்த நிலையம், எந்த டெர்மினல்

டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். சிப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ-வுக்கு, அதாவது கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்துக்கு, கே.யு.எல்., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., சென்னைக்கு எம்.ஏ.ஏ. ஊர் பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகியும் அந்தக் குறியீட்டில் மெட்ராஸ் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. தூரம் பார்க்கும் இணையதளங்களில் ஊர்ப் பெயரைவிட இந்தக் குறியீட்டைத் தட்டுவதுதான் நல்லது. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் சிலது ஊர் நடுவிலிருந்து அளந்துவிடும், நமக்கு வேண்டியது ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு.

பெரியவர்கள் பலர் இன்னும் 'சுபாங்' என்றுதான் சொல்வார்கள். 1998 ஜூனில் கேஎல்ஐஏ திறக்கும்வரை பன்னாட்டு விமானங்கள் எல்லாம் சுபாங்கில்தான் இறங்கின. சுபாங் இன்றும் இயங்குகிறது, அதன் குறியீடு எஸ்.இசட்.பி. உள்ளூர் விமானம் எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் சிப்பாங்குக்கு வண்டி பிடித்தால் அவ்வளவுதான். கேஎல்ஐஏ-விலும் டெர்மினல் 1, டெர்மினல் 2 என்று இரண்டு உண்டு. ஏர் ஏசியா டெர்மினல் 2. மலேசியா ஏர்லைன்ஸ் டெர்மினல் 1. 'கேஎல்ஐஏ2' என்று நம் வாயில் பழகிப்போனதும் இந்த டெர்மினல் 2-தான். டாக்சிக்காரரிடம் "ஏர்போர்ட்" என்று மட்டும் சொல்லாமல் டெர்மினல் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

"ஈப்போவிலேயே ஏர்போர்ட் இருக்கே?" என்று கேட்பார்கள். இருக்கிறது, சின்னது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு நேராகப் போக வழியில்லை.

இரண்டாம் படி: வானத்தில் எவ்வளவு தூரம்

விமானத் தூரம் என்று இணையத்தில் காட்டுவது இரண்டு நிலையங்களுக்கும் நடுவே பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம். பள்ளிக்கூடத்து உலக உருண்டையை எடுத்து ஒரு நூலை இரண்டு ஊருக்கும் இழுத்துப் பிடித்தால் அந்த நூல் தானாகப் படிகிற பாதை. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போடுகிற கோடு வேறு. ஆனால் நம் ஊரும் தமிழ்நாடும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு இந்தத் தலைவலி இல்லை. கேஎல் – சென்னைக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட வராது. கேஎல் – லண்டன் என்றால் அதே வித்தியாசம் 400 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

கேஎல்ஐஏ-விலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். திருச்சிக்கு 2,690. பினாங்கிலிருந்து சென்னைக்கு 2,365.

இணையம் சொல்வதை அப்படியே நம்பாமல் நாமே ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். கடைக்கு வந்த ஐந்தாம் படிவத்துப் பையன் ஒருவனுக்கு ரசீதுத் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டிய கணக்கு இது. கேஎல்ஐஏ ஏறக்குறைய வடக்கு 2.75 பாகை, கிழக்கு 101.7 பாகை. திருச்சி நிலையம் வடக்கு 10.75, கிழக்கு 78.7. வடக்கே 8 பாகை ஏற வேண்டும், மேற்கே 23 பாகை போக வேண்டும். இது ஒரு செங்கோண முக்கோணம். 8-இன் வர்க்கம் 64, 23-இன் வர்க்கம் 529, கூட்டினால் 593, வர்க்கமூலம் 24.35. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 2,703 வரும். சரியான விடை 2,690. பதின்மூன்று கிலோமீட்டர்தான் பிசகு. "பித்தகோரஸ் இதுக்குக்கூட உதவுமா அங்கிள்?" என்று அந்தப் பையன் கேட்டான். பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கிறவரை உதவும். லண்டனுக்கு இதே மாதிரி போட்டால் விடை தாறுமாறாக வரும், ஏனென்றால் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும்.

சில இடங்களில் தூரத்தை 'நாட்டிக்கல் மைல்' கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர். 1,452 என்று பார்த்துவிட்டுத் திருச்சி பக்கம்தான் என்று நினைத்துவிட வேண்டாம், அதுவும் அதே 2,690 கிலோமீட்டர்தான்.

விமானம் அந்த நூல் பாதையில் அச்சுப் பிசகாமல் போகுமா? போகாது, ஆனால் ரொம்பவும் விலகாது. வரைபடத்தில் அந்தக் கோடு மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவின் அச்சே முனையை ஒட்டி, நிக்கோபார் தீவுகளின் தென்கோடிப் பக்கமாக வங்காள விரிகுடாவுக்குள் நுழையும். இருக்கைத் திரையில் வரைபடம் இருந்தால் மேடான், பண்டா அச்சே என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். அதற்கப்புறம் தமிழ்நாட்டுக் கரை வரும்வரை கீழே வெறும் தண்ணீர்தான். என் பாட்டி இதே கடலை ரஜூலா கப்பலில் தாண்டி வந்தவர். 1926-இல் ஓடத் தொடங்கி 1973 வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. "ஒரு வாரம்டா, வாந்தி எடுத்தே பாதி உசுரு போச்சு" என்பார்.

மூன்றாம் படி: தூரத்தை நேரமாக மாற்றுவது

நிறைய பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். விமானம் மணிக்கு 840 கிலோமீட்டர் வாக்கில் போகும், 2,690-ஐ 840-ஆல் வகுத்தால் 3 மணி 12 நிமிடம், ஆனால் டிக்கெட்டில் நான்கு மணி என்று போட்டிருக்கிறதே, ஏன்?

டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கிற நேரம் மட்டும் கிடையாது. விமானம் வாசலைவிட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் வாசலில் நிற்கும்வரை உள்ள நேரம். கேஎல்ஐஏ பெரிய நிலையம். ஓடுபாதைக்கு உருண்டு போவதற்கே பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகத்தில் போக முடியாது. இதற்கெல்லாம் சேர்த்து நான் 40 நிமிடம் கூட்டிக்கொள்கிறேன். ஆக, தூரத்தை 840-ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டு. இவ்வளவுதான் சூத்திரம்.

சோதித்துப் பார்க்கலாம். கேஎல் – பினாங்கு வானத்தில் 325 கிலோமீட்டர். வகுத்தால் 23 நிமிடம், கூட்டினால் 1 மணி 3 நிமிடம். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்றுதான் இருக்கும். கேஎல் – கோத்தா கினபாலு 1,630 கிலோமீட்டர். 1 மணி 56 நிமிடத்தோடு 40-ஐச் சேர்த்தால் 2 மணி 36, அதுவும் டிக்கெட்டோடு ஒத்துப்போகும். திருச்சிக்கு 3 மணி 52, சென்னைக்கு 3 மணி 48, பினாங்கு – சென்னைக்கு மூன்றரை மணி. அட்டவணையில் ஐந்து, பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும்.

பினாங்குக்கும் கோத்தா கினபாலுவுக்கும் உள்ள கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். தூரம் ஐந்து மடங்கு, நேரம் இரண்டரை மடங்கு. குறைந்த தூரத்துக்கு விமானம் எடுத்தால் நேரம் ரொம்ப மிச்சமாகும் என்று நினைப்பது இதனால்தான் தப்பாகப் போகிறது.

சூத்திரம் பொய்த்துப்போகிற இடங்களும் உண்டு. லண்டன் 10,605 கிலோமீட்டர். சூத்திரப்படி 13 மணி 17 நிமிடம். போகும்போது 14 மணி நேரம் போல ஆகிறது, திரும்பும்போது அதைவிடக் குறைவு. அவ்வளவு வடக்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று ஓயாமல் ஓடுகிறது. எதிரே போகும்போது இழுக்கும், கூடவே வரும்போது தள்ளிவிடும். போர் நடக்கும் நாடுகளின் வான்வெளியைச் சுற்றிக்கொண்டு போவதும் சேர்ந்துகொள்ளும்.

நம் வழியில் காற்றின் கதையே வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவில் தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டிருக்கும். அதே மாதங்களில் பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று தலைகீழாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். 1950களில் இதைக் கவனித்து விளக்கியவர் கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அதனால் அந்த மாதங்களில் இங்கிருந்து போகிறவர்கள் கொஞ்சம் முன்னதாக இறங்கலாம், திரும்பி வருகிறவர்களுக்குக் கொஞ்சம் இழுக்கலாம். பத்து நிமிட விஷயம்தான், டிக்கெட்டை மாற்றிக்கொள்ள வேண்டிய அளவுக்கு ஒன்றும் இல்லை.

ஓடுபாதையும் நேரத்தைத் தின்னும். கேஎல்ஐஏ-வின் மூன்று ஓடுபாதைகளும் வடமேற்கு – தென்கிழக்கு வாக்கில் கிடக்கின்றன. தமிழ்நாடு நமக்கு வடமேற்கு. அந்தப் பக்கமாகவே ஏறினால் எழும்பியவுடன் பாதையைப் பிடித்துவிடலாம். காற்று மாறித் தென்கிழக்காக ஏற வேண்டி வந்தால் ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது ஜன்னல் பக்கம் இருந்தால் சிப்பாங்கின் செம்பனைத் தோட்டங்கள் சாய்வாகத் தெரியும். வரிசை பிசகாமல் பாட்டி வைத்த புள்ளிக்கோலம் போல இருக்கும். தோட்டத்தில் முப்பது வருடம் குலை வெட்டிய என் மாமா முதல்முறை அதைப் பார்த்தபோது, "இவ்வளவு நேராவா நட்டிருக்கோம்?" என்றாராம்.

நான்காம் படி: இரண்டரை மணி நேரம்

அந்த அக்காவுக்கு நான் செய்த தப்புக்கு வருவோம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரம். சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரம். மலேசியா இந்தியாவைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை 9.15 என்றால் திருச்சியில் அப்போது 6.45. அங்கே 10.45-க்கு இறங்கினால் நடுவில் ஓடியது நான்கு மணி நேரம்.

சுருக்கமாக: போகும்போது, டிக்கெட்டில் தெரிகிற வித்தியாசத்தோடு இரண்டரையைக் கூட்டுங்கள். வரும்போது கழியுங்கள். திருச்சியில் இரவு 11.55-க்கு ஏறி மறுநாள் காலை 6.25-க்குக் கேஎல்லில் இறங்குவதாக இருந்தால், பார்க்க ஆறரை மணி நேரம் மாதிரி தெரியும். இரண்டரை போனால் நான்கு. ஆறு மணி நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஏறி உட்கார்ந்து, சாப்பாட்டு வண்டி போய், விளக்கு அணைந்து, மறுபடி விளக்கு போடுவதற்குள் கிடைப்பது இரண்டு, இரண்டரை மணித் தூக்கம்தான்.

வயதானவர்கள் சிலர், "இல்லையே தம்பி, ரெண்டு மணி நேரந்தானே வித்தியாசம்?" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டது, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக இருக்கட்டும் என்று. அதற்கு முன்னால் இரண்டு மணி வித்தியாசம்தான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாள் முழுக்க மலேசிய நேரத்தையே வைத்துக்கொள்வது எளிது. அதற்காகக் கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்வேன். கைப்பேசி இறங்கியவுடன் தானாக மாறிவிடும், மணிக்கட்டில் நம் ஊர் நேரம் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: நள்ளிரவு விமானத்தின் தேதி

இதற்கு ஒரு படியே தேவையா என்று தோன்றும். தேவை. ஒரு பெரியவர் ஒரு நாள் சாயங்காலம் டிக்கெட் அச்சடிக்க வந்தார். வேட்டி சட்டை, விபூதி, வாசலில் பெட்டியோடு மகனின் வண்டி. தேதி 15, நேரம் 00.20 என்று இருந்தது. அன்றைக்கும் 15-தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 15-ஆம் தேதி 00.20 என்றால் 14-ஆம் தேதி இரவு பன்னிரண்டு மணி தாண்டி இருபது நிமிடம். விமானம் முந்தைய இரவே போய்விட்டது. அவர் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் கிளம்பியவர். வேறு டிக்கெட் எடுத்துப் போனார், முதல் டிக்கெட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து.

நேரம் 00-இல் அல்லது 01-இல் தொடங்கினால், டிக்கெட்டில் உள்ள தேதிக்கு முந்தைய நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். "14-ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்பணும்" என்று முழு வாக்கியமாக எழுதி வையுங்கள். வெறும் எண்ணாக எழுதினால் மறுபடி குழம்பும்.

ஆறாம் படி: வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

இதுவரை போட்டதெல்லாம் விமானத்தின் கணக்கு. நம் பயணம் லயத்து வாசலில் தொடங்கி ஊர்க் கோயில் தெருவில் முடிகிறது. அந்தக் கணக்கில் விமானத்தின் நான்கு மணி நேரம் ஒரு துண்டுதான், ஆக நிச்சயமான துண்டும் அதுவே. மற்றதெல்லாம்தான் இழுக்கும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து கேஎல்ஐஏ-வுக்குச் சாலையில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். பழைய சாலையில் செம்மோர் தாண்டி ஈப்போவில் நெடுஞ்சாலை ஏறி, தாப்பா, தஞ்சோங் மாலிம், ரவாங் என்று இறங்கி, கேஎல் நகரத்துக்குள் நுழையாமல் ஷா ஆலம் பக்கமாகச் சிப்பாங்குக்குப் போவது வழக்கம். ஒரு தடவை தாப்பாவில் நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடித்தால் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி, ஹரிராயா, சீனப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

இப்போது அந்த 9.15 விமானத்துக்குப் பின்னோக்கி எண்ணலாம். பெட்டி போடும் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அதாவது 8.15. முதல்முறை போகிறவர் வரிசை எங்கே என்று தேட வேண்டும், பெட்டி எடை கூடினால் அங்கேயே திறந்து ஊறுகாய் பாட்டிலை மாற்றிப் போட வேண்டும். ஆகவே 6.15-க்கு அங்கே இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் கழித்தால் 2.15. விடியற்காலை இரண்டே கால் மணிக்கு வீட்டுக் கதவைப் பூட்ட வேண்டும்.

அந்தப் பக்கம் இந்திய நேரம் 10.45-க்கு இறங்கி, குடிநுழைவு வரிசை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்றேகால் மணி. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் புதுக்கோட்டைக்காரர்களுக்கு யோகம், ஒரு மணி நேரத்தில் ஊர். ஆக இந்திய நேரம் பகல் 1 மணிக்கு வாசல். நம் நேரம் மாலை 3.30. காலை 2.15-க்குப் பூட்டிய கதவிலிருந்து எண்ணினால் பதின்மூன்றே கால் மணி நேரம். அக்காவுக்கு நான் சொன்ன ஒன்றரை மணி நேரம் எங்கே, இது எங்கே!

ரயிலிலும் போகலாம். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயில் நிற்கிறது, கேஎல் சென்ட்ரலுக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் டெர்மினல் 1-க்கு 28 நிமிடம், டெர்மினல் 2-க்கு 33 நிமிடம். சாலை நெரிசல் இல்லாத வழி என்பதால் மாலை, இரவு விமானங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். காலை 9 மணி விமானத்துக்கு ரயில் உதவாது, முந்தைய நாளே போய்த் தங்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் இடிஎஸ் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விமான டிக்கெட் எடுத்த கையோடு அதையும் எடுத்துவிடுங்கள்.

சென்னையா, திருச்சியா, பினாங்கா?

கேஎல்லிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் வானத்தில் 60 கிலோமீட்டர்தான் வித்தியாசம், நான்கு நிமிடம். தரையில் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே 330 கிலோமீட்டர் சாலை, ஐந்து ஆறு மணி நேரம். டிக்கெட் 100 வெள்ளி மலிவு என்று சென்னைக்கு எடுத்துவிட்டு, இறங்கி வண்டி பிடித்துத் தஞ்சாவூருக்கோ பெரம்பலூருக்கோ போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சமான வெள்ளி வண்டி வாடகைக்கே போய்விடும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னைதான் சரி. சேலம், நாமக்கல், மதுரை, புதுக்கோட்டை என்றால் திருச்சி.

நம் ஊர்க்காரர்கள் பலர் யோசிக்காத ஒன்று பினாங்கு. பாயான் லெப்பாஸ் நிலையத்துக்கு நம்மிடமிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர், கேஎல்ஐஏ-வுக்குப் போகிற தூரத்தில் பாதிதான். பினாங்கு – சென்னை நேரடி விமானம் ஓடுகிற காலத்தில், சென்னைப் பக்கம் போகிறவர்களுக்குச் சாலையில் இரண்டு மணி நேரம் மிச்சம், வானத்தில் இன்னும் கால் மணி மிச்சம். தடங்கள் அவ்வப்போது திறக்கும், மூடும். டிக்கெட் தேடும்போது கே.யு.எல். மட்டும் போடாமல் பினாங்கின் குறியீடான பி.இ.என்.-ஐயும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆனால் பினாங்கில் ஏறிக் கேஎல்லில் மாறித் திருச்சிக்குப் போகிற டிக்கெட்டை மட்டும் எடுக்காதீர்கள். வடக்கே போய், தெற்கே வந்து, மறுபடி வடமேற்கே போகிற கூத்து அது.

மாற்று விமானம் என்றதும் கொழும்பு வழி டிக்கெட்டும் கண்ணில் படும். கேஎல் – கொழும்பு 2,470, கொழும்பு – திருச்சி 420, மொத்தம் 2,890 கிலோமீட்டர். நேர்வழியைவிட 200-தான் அதிகம், கால் மணி நேர வேலை என்று தோன்றும். மூன்றாம் படியில் சொன்ன 40 நிமிடம் இங்கே இரண்டு முறை வரும். கொழும்பில் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியோ ஏழு மணியோ, அது தனி. தூரம் பார்க்கும் இணையதளம் இதையெல்லாம் காட்டாது. டிக்கெட்டில் 'மொத்த நேரம்' என்று இருப்பதைப் பாருங்கள். இலங்கைக் கடிகாரமும் இந்தியக் கடிகாரமும் ஒன்று என்பதால் அங்கே குழப்பம் இல்லை.

இப்போதெல்லாம் டிக்கெட் அச்சடித்துக் கொடுக்கும்போது தாளின் பின்பக்கம் பேனாவால் நாலு வரி எழுதிக் கொடுக்கிறேன். வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய கிழமையும் மணியும். டெர்மினல் எண். விமானத்தில் உட்கார்ந்திருக்கப்போகிற மணி நேரம். இறங்கும்போது நம் ஊரில் மணி எவ்வளவு இருக்கும் என்பது. கடைசி வரி வீட்டில் இருப்பவர்களுக்காக. இறங்கிவிட்டார்களா என்று இங்கே பகல் 12 மணியிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள், விமானமோ 1.15-க்குத்தான் தரை தொடும். அந்த அக்கா போன மாதம் மறுபடி வந்தார், பேத்தி காதுகுத்துக்குப் போகிறாராம். தாளைத் திருப்பி நாலு வரியையும் படித்துவிட்டு, "நாலு மணி நேரம்னு போட்டிருக்கியே, நிச்சயந்தானே?" என்று கேட்டார். ரசீதை எடுத்து வகுத்துக் காட்டினேன். பையைத் திறந்து, பிஸ்கட் பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.